ஒரே செயலியில் அரபும் மக்காசரும்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியை நான்கு மாதங்களாகக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வகைச் செயலிகள் பல விற்பனையில் உள்ளன. நான் சொல்லப் போகும் குறைகள் இந்த ஒன்றுக்கு மட்டுமே உரியவை என்றும் நான் நம்பவில்லை. என்னை வாங்கத் தூண்டியது அதன் மொழிப் பட்டியல். அரபும், இந்தோனேசியாவின் தென் சுலவேசியில் பேசப்படும் மக்காசரும் அதில் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில், அடுத்தடுத்த திரைகளில் இருந்தன. இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவரலாம் என்று விளம்பரம் சொன்னது. எனக்கு இந்த இரண்டு மொழிகளும் ஒரே வேலைக்காகத் தேவைப்பட்டன. அத்தகைய வாடிக்கையாளர்கள் அந்த நிறுவனத்துக்கு அதிகம் கிடைத்திருக்க மாட்டார்கள்.

வேலை இதுதான். தென் சுலவேசியில் இருந்த கோவா (இந்தியாவின் கோவா அல்ல) அரசில் 1626இல் பிறந்த ஷேக் யூசுப், இளமையிலேயே கல்விக்காக மக்கா, மதீனா, யேமன் என்று பயணம் செய்து, பின்னர் ஜாவாவின் பந்தன் அரசில் மார்க்க அறிஞராக இருந்தவர். டச்சுக் கம்பெனிக்கு எதிரான போரில் பிடிபட்ட அவரை 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அங்கிருந்தும் செல்வாக்குச் செலுத்துகிறார் என்று அஞ்சி 1694இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். 1699இல் அங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த பகுதி இன்றும் மக்காசர் என்றே அழைக்கப்படுகிறது. இலங்கையில் இருந்தபோது அவர் எழுதிய நூல்களில் ஒன்றின் பெயரிலேயே 'ஸைலானிய்யா', அதாவது இலங்கைக்குரியது, என்ற சொல் இருக்கிறது. அந்த இலங்கைக் காலத்தைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கட்டுரை எழுத விரும்பினேன். அவர் எழுதிய மொழி அரபு. அவரைப் பற்றி இன்று கோவாவின் மக்கள் காணொளிகளில் பேசுவதும், கல்லறையின் படங்களுக்குக் கீழே எழுதுவதும் பெரும்பாலும் இந்தோனேசியத்தில்; இடையிடையே மக்காசரில். எனக்கு அரபு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெரியும். மக்காசரில் ஒரு சிறு சொற்பட்டியலையும் இலக்கணத்தின் அடிப்படைகளையும் மட்டுமே கற்றிருக்கிறேன். ஆகவே செயலி தந்த அரபு மொழிபெயர்ப்புகளை மார்க்க அறிஞரான ஓர் ஆலிமிடமும், மக்காசர் மொழிபெயர்ப்புகளை மக்காசர் நகரில் படிக்கும் ஒரு நண்பரிடமும் காட்டிச் சரிபார்த்தேன். கீழே உள்ள தீர்ப்புகளில் பாதிக்கு மேல் அவர்களுடையவை.

முதலில் அரபு. அச்சிட்ட பக்கத்தைப் படம் எடுத்தால் செயலி எழுத்துகளை அநேகமாகப் பிழையின்றி வாசித்துவிடுகிறது. செய்தி, அரசு அறிவிப்பு, நவீன உரைநடை போன்றவற்றில் அது தரும் தமிழ் சற்றுத் தட்டையாக இருந்தாலும் பொருள் கெடுவதில்லை. இது வியப்புக்குரியது அல்ல. 1973இல் ஐக்கிய நாடுகள் சபை அரபை அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றது முதல் அதன் ஆவணங்கள் அரபிலும் ஆங்கிலத்திலும் வரிக்கு வரி இணையாகக் குவிந்திருக்கின்றன. இயந்திரத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் வேறு இல்லை. கூகுள் மொழிபெயர்ப்புச் சேவை 2006இல் தொடங்கியபோதே அரபு அதில் இருந்தது. மக்காசர் அதே சேவையில் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரே நேரத்தில் சேர்க்கப்பட்ட 110 மொழிகளுள் ஒன்றாக நுழைந்தது. நான் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் செயலி என்றாலும், இந்தப் பதினெட்டு ஆண்டு இடைவெளி இத்துறை முழுவதற்கும் பொதுவானது என்று கொள்ளலாம்.

ஆனாலும் அரபு தனக்கே உரிய பொறிகளை வைத்திருக்கிறது. குறில் உயிர்களை அது வழக்கமாக எழுதுவதில்லை. 'தஹப்த்' என்று நான்கு மெய்களால் எழுதப்படும் ஒரே வடிவத்தை நான் போனேன், ஆணாகிய நீ போனாய், பெண்ணாகிய நீ போனாய், அவள் போனாள் என்று நான்கு விதமாகப் படிக்க முடியும். நான் சோதித்த வாக்கியத்தில் அதற்கு அடுத்து வரும் 'மத்ரஸா'வைப் பள்ளிக்கூடம் என்றும், உயிர்களை மாற்றி ஆசிரியை என்றும் படிக்கலாம். சூழல் தெளிவாக இருக்கும்போது செயலி சரியாகவே தேர்ந்தெடுக்கிறது. தனி வாக்கியமாகக் கொடுத்தால் எப்போதும் 'நான் பள்ளிக்குச் சென்றேன்' என்கிறது. வேறு வாய்ப்புகள் இருப்பதாக ஒரு குறிப்பும் தருவதில்லை. அரபின் இருமை வடிவத்தையும் சோதித்தேன். 'இரண்டு மாணவர்கள் வந்தார்கள்' என்பதற்கு அரபில் 'ஹளர தாலிபான்' என்று எழுதலாம். செயலி அதைத் 'தாலிபான் கலந்துகொண்டது' என்று மொழிபெயர்த்தது. இரண்டு மாணவர்கள் பாவம், ஒரு நொடியில் ஆயுதம் ஏந்திவிட்டார்கள். ஆலிம் இதைக் கேட்டுச் சிரித்தாலும், தன் மாணவர்களும் முதல் ஆண்டில் இந்த எழுத்தைப் பார்த்து இதே பெயரைத்தான் வாசிப்பார்கள் என்று இயந்திரத்துக்காக வாதாடினார்.

என் வேலைக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது வேறொன்று. ஷேக் யூசுப் எழுதியது மெய்ஞ்ஞான அரபு. அங்கே 'ஹக்கு' என்பது மெய்ப்பொருள், அதாவது இறைவனின் பெயர்களில் ஒன்று. செயலி அதை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் 'உரிமை' என்று மாற்றியது. 'ஃபனா' என்ற தன்னை இழத்தல் 'அழிவு' ஆயிற்று. 'தவ்க்' என்ற அகச்சுவை வெறும் 'ருசி' ஆயிற்று. ஓரிடத்தில் 'உரிமையில் அழிவடைந்தவனுக்கு ருசி உண்டு' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அதனால்தான் அது ஆபத்தானது. செய்தித்தாள் அரபில் வளர்ந்த ஓர் இயந்திரம் பதினேழாம் நூற்றாண்டு ஞானியைத் தொழிற்சங்கத் தலைவரைப் போலப் பேச வைக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் ஞான இலக்கியத்தில் இந்தச் சொற்களுக்கு நூற்றாண்டுகளாகப் புழங்கும் இணைகள் இருக்கின்றன. ஆனால் அரபிலிருந்து தமிழுக்கு வரும் வழியில் ஆங்கிலம் இடைத்தங்கலாக இருக்கும்போது அவை கணக்கில் வருவதே இல்லை.

ஆங்கிலம் இடையில் இருப்பதை எப்படி அறிந்தேன் என்றால், வேண்டுதல்களைப் பார்த்து. நூலின் இறுதியில் ஆசிரியர் இறைவனை 'அன்த்த' என்று ஒருமையில் விளிக்கிறார். தமிழும் இறைவனைப் பெரும்பாலும் 'நீ' என்றுதான் விளிக்கும். கிறித்தவர்கள் 'நீர்' என்பார்கள்; 'நீங்கள்' என்பது வழக்கமில்லை. செயலியோ 'யா அல்லாஹ், நீங்கள் மன்னிப்பவர்' என்று ஒரு வங்கி மேலாளரிடம் பேசுவதுபோலத் தருகிறது. அரபின் ஒருமையும் தமிழின் ஒருமையும் ஒன்றையொன்று நேரே பார்த்திருந்தால் இந்தத் தவறு நடக்க இடமில்லை. ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாக உள்ள ஒரு மொழி நடுவில் நின்றதால் அந்த வேறுபாடு அங்கேயே தொலைந்துவிட்டது. தமிழில் 'நாளை நாங்கள் வருவோம்' என்று எழுதி அரபுக்கு மாற்றி, அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் 'நாளை நாம் வருவோம்' என்று வருகிறது. ஆனால் இதற்கு அரபே பொறுப்பு, ஏனெனில் அதன் 'நஹ்னு' கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறதா விலக்குகிறதா என்று சொல்வதில்லை.

பேச்சு அரபைப் பற்றி ஒரு வரி போதும். எகிப்தியரின் 'ஆயிஸ்', சிரியாவின் 'பித்தி', வளைகுடாவின் 'அப்கா', மொரோக்கோவின் 'ப்கீத்' ஆகிய எல்லாமே 'வேண்டும்' என்பவைதாம். எழுத்தில் கொடுத்தால் நான்கையும் செயலி புரிந்துகொண்டது. குரலில் எகிப்தியத்தை மட்டுமே நம்பலாம்.

இனி மக்காசர். ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழியைத் தென் சுலவேசியில் சுமார் 20 இலட்சம் பேர் பேசுகிறார்கள். அங்கே சொல்லின் இறுதியில் தொண்டையை அடைத்து முடிக்கும் ஓர் ஒலி அடிக்கடி வரும். அதை இங்கே ஒற்றை மேற்கோள் குறியால் காட்டுகிறேன். நலம் விசாரிக்கும் எளிய உரையாடலோடு சோதனையைத் தொடங்கினேன். 'ஆபா காரேபா?' என்றால் என்ன செய்தி, நலமா என்று பொருள். 'பாஜி'-பாஜி'' என்பது நலம் நலம் என்ற மறுமொழி. கேள்வியைச் செயலி சரியாகப் பெயர்த்தது. மறுமொழிக்கு அது தந்த தமிழ்: 'ஆப்பு ஆப்பு'. சிரித்து முடித்த பிறகு காரணம் விளங்கியது. இந்தோனேசிய மொழியில் 'பாஜி' என்றால் மரத்தைப் பிளக்க இறுக்கும் ஆப்பு. செயலி மக்காசர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இந்தோனேசியத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஐயம் வந்த பிறகு வேண்டுமென்றே அத்தகைய சொற்களைத் தேடிக் கொடுத்தேன். 'தாவு' என்பது மக்காசரில் மனிதன். இந்தோனேசியரின் பேச்சு வழக்கில் அது 'தெரியும்'. 'தாவு லொம்போ', அதாவது பெரிய மனிதர், என்று கொடுத்தால் 'லொம்போவுக்குத் தெரியும்' என்று வந்தது. 'புந்திங்' மக்காசரில் மணமகளையோ மணமகனையோ குறிக்கும். இந்தோனேசியத்தில் அது விலங்குகள் சினையாக இருப்பதைச் சொல்லும் சொல். ஒரு திருமண அழைப்பின் வரியை இந்தச் செயலியில் கொடுத்தால் என்ன வரும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். கல்யாண வீட்டுக்காரர்களிடம் மட்டும் அதைக் காட்டிவிடாதீர்கள். எல்லாவற்றிலும் மோசம் 'சிரி'' என்ற சொல். மக்காசர் மக்களின் வாழ்க்கையில் அதற்குள்ள இடம் தமிழில் மானம் என்ற சொல்லுக்குள்ள இடத்தைப் போன்றது. வெட்கம், தன்மதிப்பு, குடும்பத்தின் பெயர் ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தமிழின் மானமும் அப்படியே. செயலி அதை ஒரு முறை 'இரகசியம்' என்றும் இன்னொரு முறை 'வெற்றிலை' என்றும் தந்தது. வெற்றிலைக்கு இந்தோனேசியத்தில் 'சிரிஹ்'. இரகசியமோ இன்னும் சுற்றுவழியில் வந்தது: அரபின் 'சிர்' என்ற சொல் இந்தோனேசியத்தில் 'சிரி' என்று புகுந்து, பதிவு செய்யாத மறைவுத் திருமணத்தைக் குறிக்கும் சொற்றொடரில் வழங்குகிறது. மக்காசரின் மானத்துக்குப் பக்கத்து மொழிக்குள் புகுந்த அரபுச் சொல்லே குறுக்கே வந்து நின்றது.

எழுத்துமுறையும் உதவவில்லை. வீட்டைக் குறிக்கும் 'பல்லா'' என்ற சொல்லின் இறுதி அடைப்பொலியை உரோமன் எழுத்தில் சிலர் மேற்கோள் குறியாலும், சிலர் 'க்' ஒலிக்குரிய எழுத்தாலும், சிலர் வேறோர் எழுத்தாலும் எழுதுகிறார்கள். இது மக்களின் பிழை இல்லை; மொழிக்குப் பல எழுத்து மரபுகள் இருந்திருக்கின்றன. மேற்கோள் குறியோடு கொடுத்தால் செயலி 'வீடு' என்கிறது. மற்ற இரண்டு வகையிலும் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் திருப்பித் தருகிறது. காணொளிகளின் கீழே எழுதுகிறவர்களில் மேற்கோள் குறியைத் தேடித் தட்டுபவர் எத்தனை பேர்? நான் பார்த்த வரையில் மிகச் சிலர்.

செயலி எதிர்பாராமல் நன்றாகச் செய்த இடம் ஒன்று உண்டு. அதையும் சொல்வதே நியாயம். அரபிலிருந்து மக்காசருக்குப் போன சொற்களை அது பெரும்பாலும் அடையாளம் கண்டது. மக்காசர் மொழியில் சொற்கள் ல், ர், ஸ் ஆகிய ஒலிகளில் முடிய முடியாது. ஆகவே முன்னுள்ள உயிரையே எதிரொலித்து, அடைப்பொலியைச் சேர்த்து முடிப்பார்கள். வயதைக் குறிக்கும் 'உமுர்' அங்கே 'உமுரு'' ஆகிறது. அறிவைக் குறிக்கும் 'அகல்' 'அக்கலா'' ஆகிறது. 'கிதாப்' என்ற நூல் 'கித்தா'' என்று சுருங்குகிறது. நாம் காரைக் காரு என்றும் பஸ்ஸைப் பஸ்ஸு என்றும் சொல்வதன் தொலைதூரத்து உறவு இது. அசல், நகல், பாக்கி, வசூல் என்று அரபின் சொற்களை நாமும் நம் வாய்க்கு ஏற்றபடி வைத்திருக்கிறோம் என்பதால், இந்தப் பகுதியில் செயலியின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை இன்பமாகக் கழித்தேன். ஆனால் தனிச்சொற்களைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தால் அந்த இன்பம் முடிந்துவிடுகிறது.

வாக்கியத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. ஏனென்றால் மக்காசரும் தமிழும் அங்கே ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவை. 'பல்லா'கு' என் வீடு, 'பல்லா'நு' உன் வீடு, 'பல்லா'னா' அவருடைய வீடு, 'பல்லா'தா' உங்கள் வீடு. இந்தக் கடைசி வடிவமே கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நம் வீடு' என்பதற்கும் வழங்குகிறது. தமிழ் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மை என்று தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கும் பொருளையே மக்காசர் மரியாதைக்கும் பயன்படுத்துகிறது. உங்களைத் தனியே சுட்டுவதைவிட நம்மோடு சேர்த்துச் சொல்வது பண்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஊர்ப்பக்கம் பெரியவர்கள் விருந்தாளியிடம் 'நம்ம வீடு எங்கே இருக்கு?' என்று அவருடைய வீட்டைக் கேட்பதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். செயலியில் 'நம் வீடு' என்று கொடுத்தால் 'பல்லா'கு' வருகிறது. 'உங்கள் வீடு' என்று கொடுத்தால் 'பல்லா'நு' வருகிறது, அதாவது அயலார் ஒருவரை 'உன் வீடு' என்கிறோம். மரியாதைக்குரிய 'கி'' வர வேண்டிய வினைகளிலும் 'கோ' என்ற ஒருமையே வந்தது. என் நண்பர் மெதுவாகச் சொன்னார்: இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரிடமும் வழி கேட்காதீர்கள்.

செயப்படுபொருளிலும் இதே கதை நடந்தது. 'அங்ஙன்ரேயா' உந்தி' என்றால் வாழைப்பழம் சாப்பிடுகிறேன்; ஏதோ ஒரு பழம். 'குகன்ரேயி உந்தியா' என்றால் அந்தப் பழத்தைச் சாப்பிடுகிறேன். முதலாவதில் 'நான்' என்பது வினைக்குப் பின்னால் ஒட்டுகிறது. இரண்டாவதில் அது வினைக்கு முன்னால் வந்து, பழத்தைக் குறிக்கும் இன்னோர் ஒட்டு பின்னால் சேர்ந்து, பழத்தின் இறுதியிலும் 'அந்த' என்ற சுட்டுப்பொருள் ஏறுகிறது. தமிழில் இதே வேலையை 'ஐ' உருபு செய்கிறது: பழம் சாப்பிட்டேன், பழத்தைச் சாப்பிட்டேன். அரபில் 'அல்' செய்கிறது. மூன்று மொழிகளும் மூன்று வேறு கருவிகளால் ஒரே வேறுபாட்டைக் காக்கின்றன. அரபு வாக்கியங்களில் செயலி அதைக் காத்துத் தந்தது. 'பழத்தை' என்றே வந்தது. மக்காசரின் இரண்டு வாக்கியங்களுக்கும் 'நான் வாழைப்பழம் சாப்பிடுகிறேன்' என்ற ஒரே விடைதான். அரபுக்கும் ஆங்கில இடைத்தங்கல்தான்; ஆனால் அரபின் 'அல்' அங்கே இறங்கி நிற்க இடம் இருந்தது. மக்காசரின் வினையொட்டுகளை இயந்திரம் அதற்கு முன்பே உதிர்த்துவிட்டது. காலத்தைப் பொறுத்தவரை மக்காசர் வினை அதைக் காட்டுவதில்லை. சூழல்தான் சொல்ல வேண்டும். செயலி எப்போதும் நிகழ்காலத்தையே தேர்ந்தெடுப்பதால் ஒரு வரலாற்றுக் குறிப்பு முழுவதும் இன்று காலை நடந்ததைப் போல வந்து நின்றது.

'கராயெங்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கோவாவின் அரசர்களுக்கும் உயர்குடியினருக்கும் உரிய பட்டம் அது, இறைவனுக்கும் அதுவே. 1605இல் இஸ்லாத்தை ஏற்ற கோவா, தல்லோ அரசர்களின் வரலாற்றில் இந்தச் சொல் வரிக்கு வரி வரும். பதினேழாம் நூற்றாண்டில் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்த அமைச்சர் கராயெங் பத்திங்கல்லோவாங்கைச் செயலி 'கடவுள் பத்திங்கல்லோவாங்' என்று எழுதியது. இணையத்தில் கிடைக்கும் மக்காசர் எழுத்தில் சமயம் சார்ந்தது மிகுதி என்பதால் அப்படி ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். அரபுக்கு மாற்றினால் அது இறைவனைக் குறிக்கும் 'ரப்' ஆகிவிடுகிறது; ஒரு மார்க்க அறிஞரைப் பற்றிய கட்டுரையில் ஓர் அமைச்சருக்கு அந்தச் சொல்லைச் சூட்டினால் என்ன ஆகும் என்று ஆலிம் விளக்க வேண்டியிருக்கவில்லை. தமிழில் இறைவன் என்ற சொல் அரசனுக்கும் கடவுளுக்கும் பொதுவாக இருந்த காலம் உண்டு. கோவின் இல்லம் கோயில் ஆன மொழி இது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் இடத்துக்கு ஏற்பக் கோமான் என்றோ இறைவன் என்றோ எழுத வழி இருக்கிறது.

படம் எடுத்து மொழிபெயர்க்கும் வசதி மக்காசருக்கு உரோமன் எழுத்தில் மட்டுமே உண்டு. மக்காசர் நகரின் தெருப்பெயர்ப் பலகைகளில் காணும் லொந்தாரா எழுத்தைக் காட்டினால் செயலி மௌனமாகிறது. அந்த எழுத்து, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமாகிய ஒருங்குறியில் 2005இலேயே சேர்ந்துவிட்டது. பறவை எழுத்து என்று மக்காசரார் அழைக்கும் பழைய வடிவமும் 2018இல் சேர்ந்தது. ஆகவே தடை எழுத்துருவில் இல்லை. லொந்தாரா என்ற பெயர் பனையைக் குறிக்கும் லொந்தார் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதுவும் ஓலையின் எழுத்துதான். உயிரொலிகளை ஒழுங்காக எழுதும் அது, அசையை மூடும் மெய்களை எழுதாமல் விட்டுவிடும். 'பல்லா'' என்பதை ப, ல என்ற இரண்டே எழுத்துகளால் எழுதுவார்கள். எருமையாகிய 'தெடோங்' தெ, டோ என்று நிற்கும். மூடும் மெய்யை வாசகர்தான் சேர்க்க வேண்டும். அரபு உயிரை விடுகிறது, லொந்தாரா மெய்யை விடுகிறது. புள்ளி வைக்காமல் எழுதப்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் படித்துப் பதிப்பித்தவர்களின் வாரிசுகளாகிய நமக்கு இந்த இரண்டு வழக்கங்களுமே அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. மக்காசரை அரபு எழுத்தில் எழுதும் 'செராங்' என்ற மரபும் இருந்தது. நம் அரபுத்தமிழைப் போன்றதுதான் அது. அதை அரபு என்று தேர்ந்து காட்டினேன். செயலி சற்றும் தயங்காமல் பொருளற்ற ஐந்து வாக்கியங்களை அழகாகத் தந்தது.

இந்தத் தயக்கமின்மைதான் நான் கொடுத்த பணத்துக்கு எதிராகச் சொல்ல வேண்டிய முதல் குற்றச்சாட்டு. அரபுக்கும் மக்காசருக்கும் ஒரே வேகம், ஒரே தோற்றம், ஒரே உறுதி. எந்த மொழி சோதனை நிலையில் உள்ளது, எந்த வாக்கியம் ஊகம் என்று ஒரு சிறு குறி வைத்திருந்தால் போதும். சந்தா வாங்குகிறவர் தானே முடிவு செய்துகொள்வார். மதிப்பெண் கேட்டால் ஐந்தில் அரபுக்கு நான்கு தருவேன். மெய்ஞ்ஞான நூலுக்கு மட்டும் இரண்டரை. மக்காசருக்கு ஒன்றரை, அதில் அரை மதிப்பெண் அந்த அரபுச் சொற்களுக்காக. ஒரு குறுக்கு வழியும் கண்டேன். மக்காசரை நேரே தமிழுக்கு மாற்றாமல், முதலில் இந்தோனேசியத்துக்கு மாற்றச் சொன்னால் பிழைகள் குறையாவிட்டாலும் எங்கே பிழை என்பது தெரிகிறது. மொழிபெயர்க்காமல் விட்ட சொற்கள் அங்கே அப்படியே வெளிப்பட்டு நிற்கும். அவற்றை நண்பரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரைக்காகச் சேர்த்த படங்களில் ஒன்று, வருவோரை வரவேற்கும் ஒரு பலகை: 'சலாமா'கி' பத்து ரி கோவா'. கோவாவுக்கு வந்த நீங்கள் நலமாக இருங்கள், அதாவது கோவாவுக்கு நல்வரவு. 'சலாமா'' அரபிலிருந்து வந்தது. 'கி'' மக்காசரின் மரியாதை. 'பத்து' என்றால் வருதல். இந்தோனேசியத்தில் 'பத்து' கல். செயலி தந்த தமிழ் 'கோவாவில் பத்திரமான கல்'. திருத்தத்தைப் பரிந்துரைக்கும் பொத்தானை அழுத்திச் சரியான மொழிபெயர்ப்பை மூன்று முறை அனுப்பினேன். நன்றி என்று மூன்று முறையும் வந்தது. நேற்று மீண்டும் பார்த்தேன். கல் அங்கேயே இருக்கிறது.